இருபடிச் சமன்பாட்டுக்கு வெற்றிலை பாக்கு

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்து. சந்துக்குள் ஓர் அச்சகம். அங்கே ஒன்பது வருடமாக ஊரார் கல்யாணத்துக்கெல்லாம் பத்திரிகை அடித்துக்கொண்டிருப்பவன் கலைச்செல்வன். வயது முப்பத்தொன்று ஆகிறது. தன் பெயரைப் போட்டு இன்னும் ஒன்று அடித்தபாடில்லை. யாராவது அதைக் கிளறினால், "மொதலாளிகிட்ட தள்ளுபடி கேட்டுருக்கேங்க, அவரு இன்னும் பதில் சொல்லல" என்று கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொள்வான்.

பத்திரிகை அடிப்பதைச் சுலபமான வேலை என்று நினைப்பவர்கள், முகூர்த்த மாதத்தில் ஒரு மணி நேரம் அவன் மேஜைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். பெரியப்பா பெயர் மேலே போனால் தாய்மாமனுக்கு முகம் சுருங்கும். தாய்மாமன் பெயர் கொட்டை எழுத்தில் வந்தால் அத்தை வீட்டுக்காரர் பந்தியில் உட்கார மாட்டார். ஒருமுறை இரண்டாவது தாய்மாமனின் பெயர் விட்டுப்போய், அடித்த பத்திரிகை அத்தனையையும் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து அவன் மேஜையில் போட்டுவிட்டுப் போனது ஒரு குடும்பம். அன்றிலிருந்து யார் வந்தாலும் கடைசியாக ஒரு வாக்கியம் சொல்வான்: "யாரு பேராச்சும் வுட்டுப் போச்சான்னு ஒரு தடவ பாத்துக்குங்க." தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அதைத்தான் சொல்வான்.

படித்தது பி.எஸ்ஸி. கணிதம். வாத்தியாராக வேண்டும் என்று இருந்தது, ஆகவில்லை. அதனால்தான், பத்தாம் வகுப்பில் கணக்கில் கோட்டைவிட்ட பெரியவர்களுக்கு இணையம் வழியாக இலவசமாகப் பாடம் நடத்தத் தன்னார்வலர்கள் தேவை என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தபோது, முழுதாகப் படிக்காமலே பெயரைக் கொடுத்துவிட்டான். திங்கள் முதல் வெள்ளி வரை மாலை ஏழரை மணிக்கு வகுப்பு. பங்குனியில் தேர்வு.

ஆவணியில் முதல் நாள் நாற்பத்து மூன்று பேர் வந்தார்கள். கலைச்செல்வன் புதுச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இரண்டாம் வாரம் முப்பது. புரட்டாசியில் பத்தொன்பது. எறையூரில் கரும்பு டிராக்டர் ஓட்டும் ராஜராஜன், வெட்டு ஆரம்பித்துவிட்டது என்றான். கல்லங்குறிச்சி பெருமாள் கோயில் வாசலில் துளசி மாலை விற்கும் சின்னம்மாள், சனிக்கிழமைக் கூட்டம் என்றாள். புரட்டாசி போய் ஐப்பசி வந்த பிறகும் அவளுக்குச் சனிக்கிழமைக் கூட்டம்தான், அதுவும் செவ்வாய்க்கிழமைகளில்.

இந்த வகுப்புகளை ஒருங்கிணைப்பவள் சண்முகப்பிரியா. பெங்களூரில் கணினி வேலை, நல்ல மனசு, வாரத்துக்கு ஒரு யோசனை. மாணவர்களை உற்சாகமாக வைத்திருக்கப் பதினாறு பக்கத்துக்கு ஒரு வழிகாட்டி அனுப்பினாள். சரியாக விடை சொல்கிறவர்களுக்குத் திரையில் தங்க நட்சத்திரம் கொடுக்கச் சொல்லியிருந்தது அதில். கலைச்செல்வனும் பக்தியோடு கொடுத்தான். என்றாவது ஒரு நாள் எட்டிப்பார்த்த ராஜராஜனுக்கும் ஒன்று கிடைத்தது.

"சார், இந்த ஸ்டார வெச்சு என்ன சார் பண்றது?" என்றான் ராஜராஜன்.

"வெச்சுக்கலாம்ணே."

"எங்க சார் வெச்சுக்கிறது?"

அதற்குப் பதினாறு பக்கத்திலும் பதில் இல்லை. நட்சத்திரத் திட்டம் அன்றோடு முடிந்தது.

எல்லாரும் இப்படி உதிர்ந்துகொண்டிருக்க, ஒரே ஒரு பெயர் மட்டும் தினமும் ஏழு இருபத்தொன்பதுக்குத் திரையில் வந்து நின்றது. கொளஞ்சி. ஆண்டிமடத்துக்குப் பக்கத்துக் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் சத்துணவுச் சமையல் உதவியாளர். முப்பத்தாறு வயது. மற்ற பாடமெல்லாம் தேறி, கணக்கில் மட்டும் நின்றுபோனவள். "பதினெட்டு வருசமா சார், அந்த ஒரு கணக்கு என்னைய மொறச்சிக்கிட்டே நிக்குது" என்று முதல் நாளே சொன்னாள். அவள் மையத்து அமைப்பாளரம்மா ஆனியில் ஓய்வு பெறுகிறார். அந்த வேலைக்கு மனுப்போடப் பத்தாவது கேட்கிறார்கள். இந்த முறை தேறினால் அரிசி மூட்டைக்குக் கையெழுத்துப் போடும் நாற்காலி. தவறினால் இன்னொருவர் வந்து அந்த நாற்காலியில் இருபது வருடம் உட்கார்ந்துவிடுவார், இவள் அடுப்படியிலேயே நிற்க வேண்டியதுதான்.

கேள்வி கேட்டுவிட்டு கலைச்செல்வன் வாய் மூடுவதற்குள் கொளஞ்சியின் குரல் வந்துவிடும். "ரெண்டும் மூணும் சார்." தப்பாக இருந்தாலும் சத்தமாகச் சொல்வாள். கார்த்திகையில் ஒரு வெள்ளிக்கிழமை அவள் ஒருத்திதான் வந்தாள். அவளுக்கு மட்டும் ஐம்பது நிமிடம் பாடம் நடத்தினான். மறுநாள் டீக்கடையில், "ஒரே ஒரு ஆளு வந்தாலும் வுடாம நடத்துறவண்டா நான்" என்று நண்பர்களிடம் மார்தட்டிக்கொண்டான். சண்முகப்பிரியாவுக்கும் அதையே கொஞ்சம் சோகம் சேர்த்து அனுப்பினான். அவள் கைகூப்பும் படம் அனுப்பினாள்.

தை பிறந்ததும் அதே சண்முகப்பிரியா போன் செய்தாள். குரலில் தயக்கம். "கலை, மாசக் கடைசிக்குள்ள பதினஞ்சு பேராவது தொடர்ந்து வரலைன்னா நேரடி வகுப்ப நிறுத்தச் சொல்றாங்க. பதிவு பண்ண வீடியோ அனுப்பிடலாம்னு முடிவு."

வீடியோவை நம்பி கொளஞ்சி தேறுவாளா? வீடியோவிடம் "ரெண்டும் மூணும் சார்" என்று கத்தினால் அது என்ன செய்யும்? 

அந்த வாரம்தான் ராஜராஜன் அச்சகத்துக்கு வந்தான். அக்காள் மகனுக்குக் காதணி விழாவாம். தாய்மாமன் இவன். தன் பெயர் எந்த இடத்தில், எத்தனை பெரிதாக வரவேண்டும் என்று அரை மணி நேரம் நின்று சொன்னான்.

"அண்ணே, கரும்பு வெட்டு நேரமாச்சே. விழாவுக்குப் போவ நேரமிருக்குமா?" என்று கலைச்செல்வன் குத்தினான்.

"என்ன சார் இப்புடிக் கேக்குறீங்க? பத்திரிகையில பேரு போட்டுட்டுப் போவாம இருக்க முடியுமா? ஊரு காறித் துப்பாது?"

"அப்ப என் கிளாசுக்கு மட்டும் ஏன் வரமாட்டேங்குறீங்க?"

ராஜராஜன் நிஜமாகவே ஆச்சரியப்பட்டான். "நீங்க எங்க சார் கூப்புட்டீங்க? லிங்க்குதான தெனம் வருது."

கலைச்செல்வன் மவுஸிலிருந்து கையை எடுத்தான். அட! ஒன்பது வருடமாக இந்தச் சந்தில் உட்கார்ந்து, கூப்பிடுவது என்றால் என்ன என்பதைப் பக்கம் பக்கமாக அச்சடித்தவன் அவன். அவனே நாற்பத்து மூன்று பேருக்கு நீல நிறத்தில் ஒரு லிங்க்கை அனுப்பிவிட்டு, ஏன் வரவில்லை என்று ஐந்து மாதமாகப் புலம்பிக்கொண்டிருந்திருக்கிறான்.

அச்சகப் பரணில் பழைய மாடல் அட்டைகள் கிடந்தன. மூலையில் வெண்ணெய்க் கிருஷ்ணன் தவழும் காதணி விழா அட்டை. எவரும் எடுக்காமல் மூன்று வருடமாகத் தூசி தின்றுகொண்டிருந்ததை, முதலாளி "தொலைஞ்சா சரி" என்று கொடுத்துவிட்டார். அன்று மாலை கலைச்செல்வன் இப்படி அடித்தான்:

"அன்புடையீர், வணக்கம். நிகழும் மங்களகரமான தை மாதம் வளர்பிறையில், திங்கட்கிழமை மாலை ஏழரை மணிக்கு மேல் எட்டரை மணிக்குள், எங்கள் வகுப்பின் செல்வப் புதல்வன் இருபடிச் சமன்பாட்டைக் காரணிப்படுத்தும் விழா, கைப்பேசித் திரையில் நடைபெற உள்ளதால், தாங்கள் தங்கள் சுற்றமும் நட்பும் சூழ வருகை தந்து, சமன்பாட்டை விடுவித்துச் சிறப்பிக்க அன்புடன் அழைக்கின்றோம்."

விஷமமெல்லாம் அதற்குக் கீழேதான் இருந்தது. 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்ற இடத்தில், வகுப்பை விட்டு ஓடிப்போன அத்தனை பேருடைய பெயரையும் ஊரோடு போட்டுவிட்டான். ராஜராஜன், எறையூர். சின்னம்மாள், கல்லங்குறிச்சி. இப்படி நாற்பத்திரண்டு பெயர். அழைக்கிறவர்களே அவர்கள். இனி எப்படி வராமல் இருப்பார்கள், பார்க்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, மஞ்சள், குங்குமம் வைத்துக்கொண்டு வண்டியை எடுத்தான். அட்டையின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தது. போக முடிந்த வீடுகளுக்கெல்லாம் போனான், முடியாதவர்களுக்கு அட்டையைப் படம் எடுத்துக் குழுவில் போட்டான். சின்னம்மாள் துளசிக் கூடையை நகர்த்திவிட்டு, இரண்டு கையாலும் பத்திரிகையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகுதான் படித்தாள். படித்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "என்னங்க சார் இது, எம்பேரு போட்டுருக்கு! வராம எப்புடி இருக்குறது?"

திங்கட்கிழமை ஏழரைக்குத் திரை நிறைந்தது. சுற்றமும் நட்பும் சூழ என்று அடித்ததை இத்தனை பேர் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொள்வார்கள் என்று கலைச்செல்வன் நினைக்கவில்லை. ராஜராஜன் வீட்டுக் கட்டத்தில் மட்டும் பதினொரு தலை. ஒரு பெரியவர் கேமராவுக்கு மிக அருகில் வந்து, "மாப்புள்ள யாரு?" என்று கேட்டார். யார் வீட்டிலோ மிக்ஸி ஓடியது. யாரோ ஒரு அம்மாள் புதுப் புடவையில் வந்து, கையிலிருந்த கல்கண்டுத் தட்டைத் திரைக்கு நேரே நீட்டினாள். கலைச்செல்வன் இருபடிச் சமன்பாட்டைக் காரணிப்படுத்தி முடித்தபோது ராஜராஜன் குடும்பம் கை தட்டியது. பெரியவர், "சாப்பாடு உண்டா தம்பி?" என்றார்.

செவ்வாயன்றே வேடிக்கை பார்க்க வந்தவர்கள் கழன்றுகொண்டார்கள். படிக்க வேண்டியவர்கள் இருபத்தேழு பேர் நின்றார்கள். புதனும் இருபத்தேழு. சண்முகப்பிரியா வியந்துபோய், என்ன உத்தி என்று கேட்டு, அதை வழிகாட்டியில் பதினேழாம் பக்கமாகச் சேர்க்கப்போவதாகச் சொன்னாள். கலைச்செல்வனுக்குத் தரையில் கால் பாவவில்லை.

வியாழக்கிழமை கேள்வி ஒன்று கேட்டான். "கூட்டுனா ஏழு, பெருக்குனா பன்னெண்டு. எந்த ரெண்டு எண்?"

பதில் வரவில்லை. இருபத்தேழு பேரும் பக்கத்துக் கட்டத்துக்காரர் சொல்லட்டும் என்று இருந்தார்கள். அந்த அமைதியில்தான் அவனுக்கு உறைத்தது. கொளஞ்சி இல்லை. வருகைப் பட்டியலை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தான். திங்களும் இல்லை, செவ்வாயும் இல்லை, புதனும் இல்லை. கூட்டம் வந்த குஷியில் அவன் கவனிக்கவே இல்லை.

போன் அடித்தான், எடுக்கவில்லை. செய்தி அனுப்பினான், படித்ததற்கு இரண்டு நீல டிக் விழுந்ததோடு சரி. தேர்வுக்கு ஏழு வாரம்தான் இருந்தது. மறுநாள் சின்னம்மாள் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்: "கொளஞ்சி வருத்தமா இருக்குதுங்க சார். குரூப்புல போட்டீங்கள்ல, அந்தப் பத்திரிகையப் பெருசு பண்ணிப் பெருசு பண்ணித் தேடுச்சாம். அத்தன பேரு பேரும் இருக்காம். அது பேரு இல்லியாம்."

கலைச்செல்வன் தலையில் கை வைத்துக்கொண்டான். ஓடிப்போனவர்களைப் பிடிக்கத்தான் பெயரைப் போட்டான். ஓடாதவள் பெயரை எதற்குப் போடுவது என்று தோன்றவே இல்லை. வருகிறவன் போகிறவனிடமெல்லாம் 'பேரு வுட்டுப் போச்சா பாருங்க' என்று ஒன்பது வருடம் ஓதியவன், தனக்காக அடித்த ஒரே பத்திரிகையில், விடக்கூடாத ஒரே பெயரை விட்டிருந்தான். அவமானமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை தாம்பாளத்தை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினான். அரியலூர், ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் என்று மூன்று பஸ். பக்கத்து சீட்டுக்காரர் பையை எட்டிப் பார்த்துவிட்டு, "பொண்ணு பாக்கவா தம்பி?" என்று கேட்டார். "மன்னிப்புக் கேக்கங்க" என்றான். "கல்யாணம் ஆயிருச்சா அப்ப" என்று அவர் அனுதாபமாகத் தலையாட்டினார்.

கொளஞ்சியின் வீட்டைச் சுற்றி முந்திரி மரங்கள். வாசலில் சுளகு வைத்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் அவனைப் பார்த்ததும் எழுந்தாள். "வாங்க சார்" என்றாள். குரலில் ஒன்றும் இல்லை. சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். உள்ளேயிருந்து வந்த அவள் கணவர் மதுரைவீரன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "இவருதான் அந்த சாரா? போன்ல குண்டா தெரிஞ்சாரே!"

கலைச்செல்வன் தாம்பாளத்தை இரண்டு கையாலும் நீட்டினான். புதிதாக அடித்த பத்திரிகை. அழைப்பவர்கள் வரிசையில் முதல் பெயர் கொளஞ்சி. அவள் வாங்கவில்லை.

"வராதவங்களுக்குத்தான் பத்திரிகைன்னு தெரிஞ்சுச்சு சார். அதான் வராம இருந்து பாத்தேன். இந்தா, மூணு பஸ் ஏறி வந்துட்டீங்க."

"தப்புதாங்க்கா. நீங்க எப்புடியும் வந்துருவீங்கன்னு இருந்துட்டேன்."

"அப்புடித்தான் சார் இருப்பீங்க." அவள் தயங்காமல் நேராக அவன் முகத்தைப் பார்த்துப் பேசினாள். "கார்த்திகையில ஒரு வெள்ளிக்கெழம நான் ஒருத்தி மட்டும் வந்தேனே, ஞாபகம் இருக்கா? அன்னிக்கு எங்க நாத்தனா மவளுக்கு நிச்சயதார்த்தம். இவுரு தாய்மாமன். நாந்தான் சீர்த்தட்டு தூக்கணும். பொடவ கட்டி, பூ வெச்சு, பஸ்ஸுக்கு நின்னுட்டேன். சும்மா லிங்க்கத் தொட்டுப் பாத்தேன். ஒருத்தருமில்ல. நீங்க மட்டும் புதுச் சட்டையோட, பேனாவத் தொறக்குறதும் மூடுறதுமா ஒக்காந்துருந்தீங்க. மனசு கேக்கல சார். இவுர மட்டும் பஸ்ஸுல ஏத்திவுட்டுட்டு, அந்த ஸ்டாப்புலயே ஒக்காந்து பாடம் கேட்டேன். வெத்தல பாக்கு வெச்சுக் கூப்புட்ட எடத்துக்குப் போவல. கூப்புடாத எடத்துக்கு வந்தேன். எங்க நாத்தனா அன்னியிலேருந்து என்கூடப் பேசுறதில்ல."

கலைச்செல்வனுக்கு டீக்கடையில் மார்தட்டிக்கொண்டது நினைவுக்கு வந்தது. அவளுக்காகத் தான் தியாகம் செய்ததாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த அந்த ஐம்பது நிமிடம், அவள் இவனுக்குப் போட்ட பிச்சை. கண் கலங்கிவிட்டது. மதுரைவீரன் நாகரிகமாக முந்திரி மரத்தைப் பார்த்தார்.

கொளஞ்சி தாம்பாளத்தை வாங்கிக்கொண்டாள். பத்திரிகையை எடுத்துத் தன் பெயரை ஒருமுறை வாசித்தாள். "நாளைக்கு வரேன் சார். ஆனா ஒண்ணு. நான் பாஸாயிட்டா, நீங்க எங்க நாத்தனா வூட்டுக்கு வந்து ஒரு வார்த்த சொல்லணும். ஃபெயிலானா வேணாம். அந்தக் கிளாசுக்குப் போயி இதத்தான் கிழிச்சியான்னு அது கேக்கும்."

மறுநாள் ஏழு இருபத்தொன்பதுக்குத் திரையில் அவள் பெயர் வந்தது. பங்குனியில் இருபத்தாறு பேர் தேர்வு எழுதினார்கள். வைகாசி பிறந்து சில நாளில் முடிவு வந்தது. பத்தொன்பது பேர் தேறினார்கள். சின்னம்மாள் சரியாக முப்பத்தைந்து வாங்கி, பெருமாளுக்கு ஒரு மாலை கூடுதலாகப் போட்டாள். ராஜராஜனுக்கு முப்பத்து நான்கு. ஒரு மதிப்பெண்ணை எங்கே விட்டான் என்று கரும்புக் காட்டிலெல்லாம் விசாரித்துக்கொண்டிருந்தான். கொளஞ்சிக்கு ஐம்பத்து மூன்று. மனு அன்றைக்கே போய்ச் சேர்ந்தது.

அடுத்த ஞாயிறு கலைச்செல்வன் கொளஞ்சியோடும் மதுரைவீரனோடும் ஜெயங்கொண்டத்தில் நாத்தனார் கிருஷ்ணம்மாள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தான். அந்தம்மாள் மின்விசிறியைப் போட்டாளே தவிர, முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் இருந்தாள்.

"எம்மவ நிச்சயத்துல தட்டு தூக்க, கூடப் பொறந்தவன் பொண்டாட்டி இல்ல. சம்பந்தி வூட்டுல மூணு பேரு கேட்டாங்க. நான் என்னன்னு சொல்றது? அன்னிக்கு அப்புடி என்ன பாடம் சார் நடத்துனீங்க? அத எனக்குச் சொல்லுங்க."

பஸ்ஸில் வரும்போது ஒரு பதில் தயார் செய்து வைத்திருந்தான். தேர்வில் தவறாமல் வரும் பாடம், அன்று விட்டிருந்தால் போயிருக்கும் என்று. கிருஷ்ணம்மாளின் முகத்தைப் பார்த்ததும் அந்தப் பொய்யைக் கைவிட்டான். ஆறு மாதமாக யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னான்.

"பாடம் பெருசா ஒண்ணும் இல்லைங்கம்மா. பழைய கணக்கத்தான் திரும்பப் போட்டேன். அன்னிக்கு ஒருத்தரும் வரலன்னதும் எனக்கு வெறுத்துப் போச்சு. 'இன்றோடு வகுப்பு முடிந்தது, எல்லோரும் மன்னிக்கவும்'னு அடிச்சு வெச்சுட்டேன். அனுப்புறதுக்கு வெரல வெக்கிறேன், இவங்க பேரு வருது. 'வணக்கம் சார், லேட்டாயிருச்சு'ன்னாங்க. அடிச்சத அழிச்சுட்டேன். இவங்க உங்க வூட்டுக்கு வந்துருந்தா அன்னியோட கிளாசு இல்ல. பத்தொம்பது பேரு பாஸும் இல்ல."

 கிருஷ்ணம்மாள் மெல்லத் தம்பி மனைவியின் பக்கம் திரும்பினாள்.

"ஏண்டி, இத அன்னிக்கே சொல்லித் தொலைக்கிறதுக்கு என்ன?"

கொளஞ்சி கலைச்செல்வனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எனக்கே இப்பத்தாங்க அண்ணி தெரியும்" என்றாள்.

கிருஷ்ணம்மாள் எழுந்து உள்ளே போய், மூன்று பேருக்கும் இலை போடச் சொன்னாள்.